பின்சீட்டில் மூன்று பேர்

ஜாவித் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்து, ஹெட்போனை நீட்டினான்.

"நீங்களே கேளுங்கக்கா. நான் எதுவும் சொல்லல."

தாமரை காதில் மாட்டிக்கொண்டாள். திரையில் ஓடியது அவளுடைய கார்தான். தந்த நிறத்துப் பழைய இங்கிலீஷ் கார், மூக்கில் ரோஜா மாலை, பக்கங்களில் வெள்ளை ரிப்பன். பின்சீட்டில் மாப்பிள்ளை, பெண், பெண்ணின் அக்கா. மாப்பிள்ளை சட்டைக் காலரில் ஜாவித் குத்திவிட்ட குட்டி மைக். அவர் பெண்ணின் காதருகே குனிந்து, "உன்னை மொதல்ல பாத்தப்ப" என்று ஆரம்பித்தார். டொக். பெண் சிரித்தாள். "அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நீ" என்றார். டொக், டொக். பெண்ணின் அக்கா காலை லேசாகத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள், அடியில் யாரோ இருப்பதுபோல.

தாமரை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இத மட்டும் எடுத்துவிட முடியாதா?"

"எடுத்தா மாப்பிள்ளை குரலும் சேந்து போவுது. பாட்டு போட்டு அமுக்கலாம்னு சொன்னேன். அவங்களுக்கு அந்தப் பேச்சுதான் வேணுமாம். பொண்ணு ஃபேஸ்புக்ல போட்டிருக்கு, பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். 'அழகான கார். உள்ளே சுத்தியல் சத்தம் இலவசம்' என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றையும் வைத்திருந்தது அந்தப் பெண். அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் சிரித்திருந்தார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மாடியில், கல்யாண வீடியோ எடுக்கிற ஜாவித்தின் ஸ்டூடியோ. அதே வரிசையில் கீழே, தாமரையின் கல்யாணக் கார் வாடகை ஆபீஸ். அவளிடம் மூன்று கார்கள் இருந்தன. இரண்டு புதியவை, வெள்ளை, பளபளவென்று இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பதெல்லாம் இந்தக் கிழட்டுக் காரைத்தான். எழுபதுகளின் கடைசியில் செய்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஓய்வுபெற்ற எஞ்சினியர் வீட்டிலிருந்து அவள் வாங்கியபோது, அவர் மகன் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். சாலையில் குழி இருந்தது அவள் கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. அந்த ஒரு சுற்றுக்காகத்தான் வாங்கினாள்.

போன தீபாவளிக்குப் பிறகு சத்தம் வந்தது. முதலில் எப்போதாவது ஒன்று. பிறகு சாலையில் வேகத்தடையாகப் போட்ட ஒவ்வொரு பம்ப்பிலும்.

செராஸில் ஒருவன், பழைய கார் ஸ்பெஷலிஸ்ட் என்று பெரிதாகப் போர்டு போட்டிருந்தவன், நான்கு சக்கரத்துக்கும் குலுக்கலைத் தாங்குகிற அப்சோர்பர் மாற்றினான். சத்தம் போகவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓகே லா அக்கா, கேக்கலையே" என்றான். சுபாங்கில் இன்னொருவன், முன்பக்கத்து இரும்பு மூட்டுகளுக்கு நடுவே இருக்கிற ரப்பர் புஷ் அத்தனையையும் கழற்றிப் புதுசு போட்டான். அதற்குப் பிறகுதான் காருக்கு உண்மையான கேடு வந்தது. சத்தம் இருந்த இடத்திலேயே இருக்க, கூடவே வண்டி கட்டைபோல ஆகிவிட்டது. சாலையில் கிடக்கிற சின்னக் கல்கூட ஸ்டியரிங் வழியாக அவள் தோளுக்கு வந்தது. போய்ச் சொன்னாள். "அம்பது வருஷத்துக் கார்க்கா. எங்கம்மாவுக்கே முட்டி சத்தம் போடுது" என்று சொல்லி அவனே சிரித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

அவள் கணவன் ஜீவன் போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினாள். "கேக்குதா?" என்றாள். கேட்கவில்லை என்றான். அடுத்த சந்தில் திரும்பி, தன் காதையே நம்பாமல், "இப்ப?" என்றாள்.

"என்னைக் கேக்காத. கிரேன் சத்தத்துல என் காது பாதி போச்சு. வித்துடு தாமரை. நிம்மதியா இருக்கலாம்."

"வாங்கறவன்கிட்ட சத்தம் இருக்குன்னு சொல்லணுமா, வேணாமா?"

"எனக்குத்தான் கேக்கலையே."

அவள் காரை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

ஜாவித் வீடியோவைக் காட்டிய அதே வாரம் அகமது பாய் வந்தார். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மகள் ஃபஹீமாவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. அந்தப் பெண் இந்தக் காரின் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டு, வேறு கார் வேண்டாம் என்று நின்றுவிட்டாள். அகமது பாய்க்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு நடக்கிறார். படத்தைப் பார்த்து மட்டும் சம்மதம் சொல்ல அவர் தயாராயில்லை. மனைவி காத்தூன் பீவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு தானும் பின்னால் உட்கார்ந்து, "ஓட்டும்மா, பாப்போம்" என்றார்.

ஸ்டேஷன் பக்கமாக ஒரு சுற்று. முதல் பம்ப்பிலேயே டொக் என்றது. இரண்டாவதில் டொக் டொக். அகமது பாய் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் அவர் முகம் சுருங்குவது தாமரைக்குத் தெரிந்தது. இறங்கி நின்று, இடுப்பில் கைவைத்து நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தாமரை, கல்யாணத்தன்னைக்கு நான் வாசல்ல நின்னு வர்றவங்களுக்குக் கை கொடுக்கணும். இதுல வந்தா என்னைப் படுக்க வச்சுத்தான் எறக்கணும்."

"வாப்பா" என்றாள் ஃபஹீமா. அழுதுவிடும் குரல்.

"நான் சரி பண்ணித் தர்றேன் பாய்" என்றாள் தாமரை. "கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு. சத்தமும் இருக்காது, இந்த ஆட்டமும் இருக்காது. என்னை நம்புங்க."

சொன்ன பிறகுதான் எதை நம்பிச் சொன்னோம் என்று தனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது.

முகுந்தனைப் பற்றிச் சொன்னது கிள்ளானில் பூ சப்ளை செய்கிறவர். மேரு சாலையில் அவன் வொர்க்‌ஷாப். பழைய கார்களில் பேர் வாங்கியவன் இல்லை. வாடகை வேன், கிராப் டாக்சி ஓட்டுகிறவர்களின் கார் என்று நாள் முழுக்க அவனிடம் வேலை நிற்கும். அவன் மனைவி ரமணி முன்னால் மேசை போட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாமரை போய் இறங்கியபோது முகுந்தன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இதுக்குன்னு இருக்கற ஆளுங்க கிட்ட போயிருக்கலாமே" என்றான்.

"போய்ட்டுத்தான் வர்றேன் தம்பி."

அவன் சாவியை வாங்கிக்கொண்டான். தாமரை பக்கத்தில் உட்கார்ந்தாள். கனரக லோரிகள் ஓடி ஓடிக் குதறிப்போட்ட சாலை அது. குழி, மேடு, தண்டவாளம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிசையாகப் பம்ப். அவன் ஒன்றையும் விடவில்லை. கார் கட்டையாகக் குதித்தது. ஆனால் அந்த டொக் மட்டும் வரவேயில்லை.

"சத்தம் எங்கக்கா?"

"முன்னால. இடது பக்கம். என் கால் கிட்டன்னு வைங்க."

வொர்க்‌ஷாப்புக்கு வந்து, வண்டியைத் தூக்குகிற லிஃப்டில் ஏற்றினான். முன் சக்கரங்களைப் பிடித்து ஆட்டினான். கடப்பாறையை ஒவ்வொரு மூட்டிலும் கொடுத்து நெம்பினான். எல்லாம் புதுசு, எல்லாம் இறுக்கம்.

"இங்க ஒண்ணும் இல்ல. எடுத்துட்டுப் போங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படி யாரு சொன்னா? எனக்குக் கேக்காத சத்தத்த நான் எப்படி ரிப்பேர் பண்றது?"

பேச்சில் குற்றம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஃபெடரல் ஹைவேயில் திரும்பி வரும்போது, வேண்டுமென்றே தடம் மாற்றிச் சாலை மூட்டுகளின் மேல் ஏற்றி ஓட்டினாள். இப்போதாவது வா, வந்து தொலை என்று காரோடு பேசிக்கொண்டே வந்தாள். கார் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிறு பத்துமலைப் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு முன்னால் இருந்த முதல் பம்ப்பில், பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு மாமாவும் உட்கார்ந்திருக்க, டொக். மாமா எட்டிப் பார்த்து, "டயர் ஏதும் கழண்டுச்சா அக்கா?" என்றார். இல்லை என்று சிரித்துச் சமாளித்தாள். எல்லோரும் இறங்கி உள்ளே போனதும் காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு உள்ளங்கை வலித்தது. மாதக்கணக்கில் ஒவ்வொரு ஆம்பளையும் இந்தக் காரை ஓட்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒருவன் சொன்னால் அவளே நம்பிவிடுவாள் போலிருந்தது.

மறுநாள் காலையில் ஜாவித்தை அழைத்துக்கொண்டாள். "லேப்டாப்ப எடுத்துக்கோ. அந்த ஆளுக்குக் கேக்கலையாம். கேக்க வைப்போம்."

முகுந்தன் அவர்களைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அக்கா, நான்தான் சொன்னேனே."

"நீங்க எதுவும் பண்ண வேணாம். இதக் கேளுங்க, போதும்."

ரமணியின் மேசையில் லேப்டாப்பை வைத்து ஜாவித் ஓடவிட்டான். முகுந்தன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்று பார்த்தான். டொக். டொக், டொக். தாமரை அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேட்கிற மாதிரியே இல்லை. திரைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தரம் போடு" என்றான். போட்டதும், "பின்னால மூணு பேரா?" என்றான்.

"கல்யாணக் கார்னா பின்ன? பொண்ணும் மாப்பிள்ளையும், கூட ஒரு ஆளு."

"எப்பவும் மூணு பேரா?"

தாமரை பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பத்துமலையில் மூன்று பேர். அகமது பாய் வீட்டார் மூன்று பேர். செராஸ்காரனும் சுபாங்காரனும் தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். ஜீவன் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஹைவேயில் அவள் தனியாக இருந்தாள்.

"பின்னால ஆளில்லாம அது பேசாது" என்றான் முகுந்தன். "அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். கேக்கல."

"ஆனா சத்தம் முன்னாலதான் வருது தம்பி. இடது பக்கம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"வரட்டும். மொதல்ல ஆள ஏத்துவோம்."

வேன் சர்வீஸுக்காகக் காத்துக்கொண்டிருந்த இராமலிங்கம் என்கிற ஆள், நல்ல கனமான உடம்பு, ஓரத்து நாற்காலியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். முகுந்தன் அவரைக் கூப்பிட்டான். ரமணியைக் கூப்பிட்டான். ஜாவித் நடுவில். இராமலிங்கம் தோல் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் கல்யாணத்துக்கு லோரியிலதான் போனேன்" என்று ரமணியிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையின் ரிப்பன் ஒன்று இன்னும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துப் பம்ப்பில் கார் ஏறி இறங்கியது. டொக்.

தாமரை மெல்லத் திரும்பி முகுந்தனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். "இருக்கு" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு அவள் கண் கலங்கியது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நிமிஷமே சண்டை வந்தது. முன் இடது என்றாள் அவள். தன் காலுக்கடியில்தான் என்றார் இடது ஓரத்தில் இருந்த இராமலிங்கம். பின்னால் டிக்கிக்குள் ஏதோ உருள்கிறது என்றாள் ரமணி. முகுந்தன் இன்னும் இரண்டு தரம் அதே பம்ப்பில் ஏற்றினான். ஜாவித்தான் சொன்னான்: "அண்ணே, எங்கிட்ட நாலு மைக் இருக்கு. கீழ ஒட்டிப் பாக்கலாமா?"

மாப்பிள்ளைகளின் காலரில் குத்துகிற மைக்குகளைத் துணியில் சுற்றி, அகலமான டேப் போட்டு, நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்தில் அடிச்சட்டத்தில் ஒட்டினார்கள். திரும்ப அதே மூன்று பேர் ஏறினார்கள். திரும்ப அதே பம்ப். வந்ததும் ஜாவித் நான்கு சத்தத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் கோடுகளாகப் போட்டான். மூன்றில் சின்னச் சின்ன முட்கள். பின் இடதில் மட்டும் ஈட்டி ஈட்டியாக நின்றது.

தாமரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் இடது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். சுபாங்காரன் முன்பக்கத்தைக் கழற்றியதே அவள் சொல்லித்தான்.

"காரோட தரை வழியா ஓடி உங்க கால் கிட்ட வந்திருக்கு" என்றான் முகுந்தன். "யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் கேக்கும்."

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் பின்னாலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சக்கரம் தொங்கும்போது தெரியாது என்று சொல்லி, காரை இறக்கி, அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டிய பள்ளத்தின் மேல் நிறுத்தி, பின்சீட்டில் இராமலிங்கத்தையும் இரண்டு பழைய கியர்பாக்ஸையும் வைத்துவிட்டு, பள்ளத்தில் இறங்கி அடியிலிருந்து டார்ச் அடித்தான். பின் சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கை இருக்கிறது. அது காரின் அடித்தளத்தோடு சேருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் புஷ். சுமை ஏறியதும் அந்த ரப்பரில் ஒரு வாய் திறந்தது. உள்ளே இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ள விரல் நுழைகிற இடம். தாமரையையும் கீழே கூப்பிட்டுக் காட்டினான். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி அவளும் பார்த்தாள்.

அவன் அதோடு நிறுத்தவில்லை. முன்பக்கம் நகர்ந்து, சுபாங்கில் மாட்டிய புது ரப்பர்களின் மேல் டார்ச்சை நகர்த்தினான். பிறகு உச்சுக் கொட்டினான்.

"வண்டி இவ்வளோ கட்டையா இருக்கறதுக்கு இதுதான். லிஃப்டுல சக்கரம் தொங்கிட்டிருக்கும்போதே போல்ட்ட முறுக்கிட்டான். கீழ எறக்குன ஒடனே ரப்பர் அத்தனையும் துணி புழிஞ்ச மாதிரி முறுக்கிக்கிச்சு. இப்படியே விட்டா கிழியும்."

"என்ன பண்ணணும்?"

"லூஸ் பண்ணி, சக்கரம் தரையில நிக்கும்போது திரும்ப டைட் பண்ணணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். தாமரை பள்ளத்தின் படியில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாள் தோள் வலியோடு ஓட்டியது, முதுகு நோகிறது என்று வந்தவர்கள் சொன்னது, அகமது பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தது எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். சுபாங்குக்குப் போய் அந்த ஆள் முன்னால் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. போனால் அவன் அம்மாவின் முட்டியைப் பற்றி மறுபடி பேசுவான்.

முன்பக்கத்தை அன்றைக்கே முடித்துவிட்டான். தாமரை தனியாக ஓட்டியபோதே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் பின் ரப்பருக்கு இங்கிலாந்துக்கு எழுதிப் போட வேண்டியிருந்தது. கிழிந்ததோடு ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, இரும்புக் கையைக் கழற்றி வைத்துவிட்டு, காரை ஸ்டாண்டில் நிறுத்தினான். தாமரை நாள்காட்டியைப் பார்த்துப் பார்த்துப் பொறுத்தாள். ஃபஹீமா இடையில் இரண்டு மூன்று முறை மெசேஜ் போட்டாள். ஒவ்வொரு தரமும், வந்துவிடும் என்று பதில் போட்டாள்.

கல்யாண வாரத்தில் பார்சல் வந்தது. முகுந்தன் போனில் கூப்பிட்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னான். அவள் உடனே கிளம்பினாள்.

புது ரப்பரைப் பழையதின் பக்கத்தில் மேசைமேல் வைத்திருந்தான். புதுசு ஒரு மயிரிழை கூடுதல் தடிமன்.

"இதுக்கு அப்புறம் வந்த மாடலோடது. தப்பா அனுப்பிட்டாங்க."

"தட்டி உள்ள ஏத்த முடியாதா?"

"முடியும். ஏத்துனா மறுபடியும் கிழியும். மறுபடியும் வருவீங்க."

"வர்றேன் தம்பி. வந்துட்டுப் போறேன். எனக்கு இந்தக் கல்யாணம் ஒண்ணு மட்டும் ஆகணும்."

அவன் ரப்பரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். ரமணி அந்தப் பக்கமிருந்து, "அக்கா, அவரு சொன்னா கேளுங்க. பொண்ணு மாப்பிள்ளை ஏறுற வண்டி" என்றாள். தாமரைக்கு அவளை அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

அகமது பாயின் கடைக்கு நேரே போனாள். அவர் ஒரு சீனப் பெண்மணிக்குப் பட்டுத் துணியை அளந்துகொண்டிருந்தார். அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்து அனுப்பும்வரை அவள் ஓரமாக நின்றாள். பிறகு சொன்னாள். ரப்பர், இங்கிலாந்து, மாடல் என்று சொல்லச் சொல்ல அது சாக்குப்போக்காகவே ஒலித்தது.

"முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். கோபப்படவில்லை. கத்தரிக்கோலை எடுத்து டிராயரில் வைத்தார். "ஏன் நம்புங்கன்னு சொன்னே? பிள்ளை எல்லாருக்கும் படத்த அனுப்பி வச்சிருக்கா."

கல்யாணத்தன்று வெள்ளைக் காரை அவளே ஓட்டினாள். புதுக் கார், சத்தம் கிடையாது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அகமது பாய் மண்டப வாசலில் நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். அவளைப் பார்க்கவில்லை. ஃபஹீமா மட்டும் இறங்கும்போது, "பரவாயில்லக்கா" என்றாள். முகத்தில் பரவாயில்லை என்பது இல்லை. படமெடுத்துக்கொண்டிருந்த ஜாவித் தாமரையைத் தாண்டிப் போகும்போது தோளில் லேசாக இடித்துவிட்டுப் போனான். அவன் ஆறுதல் சொல்கிற விதம் அது.

சரியான ரப்பர் கல்யாணத்துக்கு அடுத்த புதன்கிழமை வந்து சேர்ந்தது. முகுந்தன் மாட்டி, சக்கரம் தரையில் நிற்க போல்ட்டுகளை முறுக்கி, ரமணியையும் கடைக்கு வந்த யாரோ இரண்டு பேரையும் ஏற்றிப் பள்ளிக்கூடத்துப் பம்ப்புகளில் ஓட்டினான். பிறகு தாமரையை ஓட்டச் சொல்லித் தான் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அவள் முதல் பம்ப்பில் மூச்சைப் பிடித்தாள். கார் ஏறியது, இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. சாலை அடியில் எங்கேயோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்கிற நினைப்பும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

வீட்டில் சொன்னபோது ஜீவன், "அப்ப இப்ப விக்கலாம், நல்ல விலை போகும்" என்றான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஃபஹீமா போன் செய்தாள். மாப்பிள்ளை வீடு டெங்கிலில். அங்கே பெண் வீட்டாருக்கு விருந்து. அவளும் மாப்பிள்ளையும் முந்தின நாள்தான் வாப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

"கார் ரெடியாக்கா?"

"ரெடி. ஆனா உங்க வாப்பா..."

"அத நான் பாத்துக்கறேன். நீங்க வாங்க."

மாப்பிள்ளை முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் ஃபஹீமா, காத்தூன் பீவி, இடது ஓரத்தில் அகமது பாய். அவர் ஏறும்போதே முகத்தை இறுக்கி வைத்திருந்தார். இடுப்புக்குப் பின்னால் வீட்டிலிருந்தே ஒரு தலையணை கொண்டுவந்திருந்தார். முன்சீட்டின் முதுகை, கார் நகர்வதற்கு முன்பே பிடித்துக்கொண்டார்.

கிள்ளான் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தாமரை ஒவ்வொரு பம்ப்புக்கும் காதைத் தீட்டிக்கொண்டு போனாள். ஒன்று போனது. ஐந்தாறு போயின. கண்ணாடியில் பார்த்தாள். அகமது பாயின் கை சீட்டின் முதுகில் இன்னும் இருந்தது. ஷா ஆலாம் தாண்டும்போது பார்த்தால் கை மடிக்கு வந்திருந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், லோரிச் சக்கரங்கள் பள்ளம் பறித்த சாலையில் திரும்பியபோது அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலையணை நழுவிக் கீழே கிடந்தது.

தாமரை காத்திருந்தாள். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள். அட, சத்தமே இல்லையே என்று ஃபஹீமாவாவது சொல்வாள். அவள் போனில் கல்யாணப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தன் தம்பியிடம், எத்தனை கிடா அறுத்தார்கள் என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே ஒரு பெரிய பம்ப்பில் கொஞ்சம் வேகமாகவே ஏற்றினாள். கார் ஒரு தரம் மூச்சு வாங்கினாற்போல் எழும்பி அமர்ந்தது. ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.

"தாமரை" என்றாள் காத்தூன் பீவி.

"சொல்லுங்கம்மா." வேகத்தைக் குறைத்தாள்.

"ஏர்கான கொஞ்சம் கொறைக்கிறியா? இவருக்குக் கால்ல குளிர் ஏறும்."

குறைத்தாள்.

டெங்கிலில் வாசல் நிறைய ஆட்கள் நின்றார்கள். கார் நின்றதும் அகமது பாய் விழித்து, "வந்தாச்சா? அதுக்குள்ளயா?" என்றார். இறங்கினார். பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லாததுபோல் திரும்பி வந்தது. சம்பந்தி கூப்பிட உள்ளே போய்விட்டார்.

தாமரை காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு முகுந்தனுக்குப் போன் போட்டாள்.

"சத்தம் இருக்கா?" என்றுதான் எடுத்தான்.

"இல்ல."

"பின்னால எத்தன பேரு?"

"மூணு பேரு. பாய் தூங்கிட்டாரு."

"யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"ஏர்கான் குளுருதாம்."

அந்தப் பக்கம் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏர்கான் நல்லா இருக்கு. வைக்கட்டுமாக்கா, ஆள் நிக்குது."

அவள் போனைப் பையில் போட்டாள். ஃபஹீமா வாசலில் வந்து நின்று, சாப்பிட வாங்கக்கா என்று கையைக் காட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நல்ல பசி.